உங்களுக்குத் தெரியுமா? பழகினால் மாறும் பார்வை

தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களைப் பற்றி ஊர் உலகம் என்ன நினைக்கிறது, ஏன் அப்படி நினைக்கிறது, அந்த நினைப்பு எப்போது மாறுகிறது? உளவியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக அலசி வரும் கேள்விகள் இவை. தெரிந்துகொள்ள வேண்டிய சில சங்கதிகள்:

★ ஒரு காலத்தில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சந்தித்த தன்பாலீர்ப்பு ஆண்கள் பெரும்பாலும் சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்லது சிறையில் இருந்தவர்கள். அவர்களை மட்டும் வைத்தே 'இது மனநோய்' என்று முடிவுகட்டி வைத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் உளவியல் கற்பித்த ஈவ்லின் ஹூக்கரிடம் படித்த ஒரு மாணவர், தன் நண்பர்களை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். எங்களைப் போன்றவர்களை நீங்கள்தான் ஆராய வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தவும் செய்தார். சிகிச்சை எதுவும் எடுக்காத தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும், வயது, படிப்பு, அறிவுத்திறன் ஆகியவற்றில் அவர்களுக்கு இணையான மற்ற ஆண்கள் 30 பேரையும் ஹூக்கர் திரட்டினார். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், போலீஸ் வரும் என்றிருந்த காலம் அது. அதனால் தன் வீட்டுத் தோட்டத்து அறையில் வைத்தே அவர்களிடம் பேசினார். மைத்தடச் சோதனை உட்பட மூன்று சோதனைகளில் கிடைத்த பதில்களை, யாருடையவை என்ற அடையாளம் இல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். எது தன்பாலீர்ப்பு ஆணுடையது, எது மற்றவருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மைத்தடச் சோதனையில் கரைகண்ட புரூனோ கிளாப்ஃபராலும் முடியவில்லை. 1957-இல் அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

★ ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுக்க 1973 டிசம்பர் ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு, டல்லஸ் நகரில் நடந்த சங்க மாநாட்டில் 'டாக்டர் எச். அனானிமஸ்' என்ற பெயரில் ஒருவர் மேடையேறினார். முகத்தில் ரப்பர் முகமூடி, தலையில் விக், அளவுக்கு மீறித் தொளதொளத்த கோட்டு, குரலை மாற்றிக் காட்டும் மைக். தானும் ஒரு தன்பாலீர்ப்பாளன், தானும் ஒரு மனநல மருத்துவன் என்று அவர் சக மருத்துவர்களிடம் சொன்னார். ஜான் ஃப்ரையர் என்ற அந்த மருத்துவர், முகமூடிக்குள் இருந்தது தான்தான் என்று 1994-இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். மனநல மருத்துவர்கள் கூடிய சபையிலேயே ஒரு மருத்துவர் முகத்தை மறைத்துப் பேச வேண்டியிருந்தது என்றால், சாதாரண மனிதர்கள் எவ்வளவு பயந்து வாழ்ந்திருப்பார்கள்!

★ உலக சுகாதார அமைப்பு தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்க முடிவெடுத்த நாள் 1990 மே 17.

★ தன்பாலீர்ப்பு ஆண்கள் மீது பெண்களைவிட ஆண்களுக்கே வெறுப்பு அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. 'ஆம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்' என்ற நெருக்குதல் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

★ வெறுப்பைக் கரைப்பதில் அறிமுகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கிரகரி ஹெரெக்கும் ஜான் கேபிடானியோவும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதை நுணுக்கமாகச் சொல்கிறது: தன்பாலீர்ப்பாளர்களில் ஒருவருக்குப் பதில் இரண்டு மூன்று பேரைத் தெரிந்திருந்தால், அவர்கள் நெருங்கியவர்களாக இருந்தால், விஷயத்தை அவர்களே நேரில் சொல்லியிருந்தால், பார்வை இன்னும் கனிவாக இருந்தது. வேறு யாரோ சொல்லிக் காதில் விழுந்தால் அந்த அளவுக்கு இல்லை.

★ திரையில் பார்த்தாலும் பலன் உண்டு. தன்பாலீர்ப்பு ஆண் நாயகனாக வரும் 'வில் அண்ட் கிரேஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்த கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. தொடரை அதிகம் பார்த்தவர்களிடம் வெறுப்பு குறைவாக இருந்தது. நிஜ வாழ்க்கையில் தன்பாலீர்ப்பாளர்களோடு பழக்கம் மிகக் குறைவாக இருந்தவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட மனிதர்களை வெறும் சிரிப்புக்காகவே பல ஆண்டுகள் பயன்படுத்திய நம் சினிமாக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

★ வீட்டு வாசலில் நின்று கொஞ்ச நேரம் பேசினால் மனம் மாறுமா? மாறும் என்று 2014-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை, தரவு நம்பத்தக்கதல்ல என்று தெரிந்ததும் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அதன் ஓட்டைகளைக் கண்டுபிடித்தவர்களில் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இருவர் முக்கியமானவர்கள். அவர்கள் அதோடு நிற்கவில்லை. மயாமி நகரில் திருநர்களைப் பற்றித் தாங்களே ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்டார்கள். பேசப் போனவர்கள் வாதம் செய்யவில்லை. 'நீங்கள் வித்தியாசமானவர் என்று யாராவது உங்களை ஒதுக்கியிருக்கிறார்களா?' என்று கேட்டு, அந்த அனுபவத்தைச் சொல்லவைத்து, பொறுமையாகக் கேட்டார்கள். சுமார் பத்து நிமிடப் பேச்சில் ஏற்பட்ட மாற்றம் மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. பேசப் போனவர் திருநரா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. நம்மில் யாரும் செய்யக்கூடிய காரியம் என்பதால்தான் எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும்.

★ செகந்திராபாத்தில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியரான மஹ்சரின் பானாஜியும் டெஸ்ஸா சார்ல்ஸ்வர்த்தும் பல லட்சம் சோதனை முடிவுகளை ஆராய்ந்தார்கள். 2007-இலிருந்து 2016-க்குள், தன்பாலீர்ப்பாளர்கள் மீது ஆழ்மனதில் இருக்கும் ஒவ்வாமை சுமார் 33 சதவீதம் குறைந்திருந்தது. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் மீதான ஆழ்மன ஒவ்வாமையோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

★ காதுகொடுத்துக் கேட்டால் பார்வை மாறும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 2021-இல் மதுரையிலிருந்து வந்த பெண் இணையர் பாதுகாப்பு கேட்ட வழக்கை விசாரித்தார் உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். தன்பாலீர்ப்பாளர்களை 'மாற்றும் சிகிச்சை'க்கு ஜூன் 7-ஆம் தேதி உத்தரவில் தடை விதித்தார்.

★ அந்த வழக்கின் தொடர்ச்சியாக, அப்படிப்பட்ட சிகிச்சை தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. 'உங்கள் பையனை மாற்றித் தருகிறேன்' என்று எந்த மருத்துவராவது சொன்னால் நம்பாதீர்கள். மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுங்கள். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்து, அவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.