வண்டி கொடுத்தார்கள், டீசல்?

கொட்டகை வாசலில், வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தது அந்த ஆம்புலன்ஸ். பக்கவாட்டில் தந்தவர்களின் பெயர் கொட்டை எழுத்தில். டயர்களில் காற்று இறங்கி, முன்கண்ணாடியில் வேப்பம்பூ அப்பிக் கிடந்தது. டிரைவர் வேலையை விட்டுப் போய் நான்கு மாதமாம். உள்ளே பெரிய அண்டாவில் குருணையும் கோழிக்காலும் மஞ்சள் போட்டு வெந்துகொண்டிருந்தன. அடுத்த மூட்டைக் குருணைக்குக் கடைக்காரரிடம் இனிமேல்தான் கடன் சொல்ல வேண்டும். "வண்டி வேணுமான்னு கேட்டாங்க, வேணும்னேன். டீசலுக்கு என்ன பண்ணுவீங்கன்னு யாரும் கேக்கலையே தம்பி" என்றார் விலங்குக் காப்பகம் நடத்தும் அம்மா.

நான் பார்த்த காப்பகங்களில் பணமே வராமல் நொடித்தவை குறைவு. கட்டடத்துக்கும் வண்டிக்கும் பணம் வந்து, சோற்றுக்கும் சம்பளத்துக்கும் வராமல் நொடித்தவைதான் அதிகம். மானியம் கேட்பவர், கொடுப்பவர் இருவருமே முதலில் போட வேண்டியது தினக்கணக்கு. ஒரு நாய்க்கு நாளைக்கு 30 ரூபாய் என்று கையைச் சுருக்கி வைத்தாலும் 100 நாய்க்கு மாதம் 90,000 ரூபாய். மருந்தும் ஆள் கூலியும் அதில் சேராது.

பணம் எங்கே கிடைக்கும்? 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1962-ல் அமைந்தது இந்திய விலங்குகள் நல வாரியம். ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று உருவாக்கிய இதன் தலைமையகம் பல காலம் சென்னையில்தான் இருந்தது. இப்போது ஹரியானாவின் பல்லப்கரில். பராமரிப்பு, கொட்டகை, ஆம்புலன்ஸ், கருத்தடை, பேரிடர் மீட்பு எனத் தனித்தனி மானியத் திட்டங்களை இந்த வாரியம் வகுத்திருக்கிறது. வாரியத்தின் அங்கீகாரம் இருந்தால்தான் கதவு திறக்கும். தமிழக அரசு 2022-23 பட்ஜெட்டில் 'வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்' என்ற பெயரில், விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 20 கோடி ரூபாய் அறிவித்தது. இப்போது எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்பதை மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்பதே நல்லது.

கம்பெனிகளிடமும் கேட்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வியாபாரமோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அந்தப் பணிகளின் பட்டியலில் விலங்கு நலம் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. கேட்டு வருகிறவர் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அரசு மானியத்துக்கோ நிதி ஆயோக்கின் 'தர்பன்' தளத்தில் அடையாள எண் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக டிரஸ்ட் அல்லது சங்கப் பதிவு, பான், தனி வங்கிக் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்குகள். நாய்மேல் உள்ள பாசத்தில் பாதி ரசீதுமேல் இருந்தால் பல காப்பகங்கள் இன்று கடனில் நிற்காது.

வெளிநாட்டு உறவினர் பணம் அனுப்பும் விஷயத்தில் பலர் தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் அண்ணன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா குடியுரிமை பெற்றுவிட்ட சித்தப்பா அனுப்பினால் ஆகும். அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். பணம் வந்து விழுந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

சரி, என்ன கேட்பது? என் பதில், தரை. ஆம்புலன்ஸ் மாதிரி அதைப் போட்டோ எடுத்துப் போட முடியாது என்பதுதான் சங்கடம். கூண்டுகளில் குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் பார்வோ வைரஸ், விரிசல் விட்ட சிமெண்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் வாசனைதான் மாறும். ப்ளீச் கரைசலைச் சரியான அளவில் கலந்து, அழுக்கைக் கழுவிய பிறகு ஊற்றி, பத்து நிமிடமாவது ஊற விட வேண்டும். விரிசல் இல்லாத தரை, தண்ணீர் தேங்காத சரிவு, புதிதாக வரும் விலங்கை இரண்டு வாரம் தனியே வைக்க ஓர் அறை, அங்கே மட்டும் போட ஒரு ஜோடி செருப்பு, நாய் பிடிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே போடும் ரேபிஸ் தடுப்பூசி. விண்ணப்பத்தில் முதலில் எழுத வேண்டியவை இவைதான். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் பிடிக்கும் தெருநாய்களைக் கருத்தடைக்குப் பின் அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லி 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாய்களின் வரவு கூடும்போது முதலில் தோற்பது இந்தத் தரைதான்.

மானியம் கைக்கு வந்த பிறகு வேறு கவலை. கொட்டகைக்கென்று வந்ததைச் சோற்றுக்குத் திருப்பினால், மனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது விதிமீறல். மத்திய அரசு மானியத்துக்கு ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். அந்தப் பணத்தில் வாங்கிய வண்டியை அனுமதியில்லாமல் விற்கவும் முடியாது. கமிஷன் கொடுத்தால் மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு.

கொடுப்பவருக்கும் உரிமை உண்டு. அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் தொண்டு நிறுவனமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அழுகிற நாய்க்குட்டிப் படத்தோடு வரும் க்யூஆர் கோடில் தனிநபர் பெயர் தெரிந்தால் நிறுத்துங்கள். பழைய வருமான வரிமுறையில் இருப்பவர் நன்கொடைக்கான வரிச் சலுகைக்கு ரசீதும் சான்றிதழும் கேட்டு வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. எல்லாவற்றையும்விட, முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். உள்ளே விடவே மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். விலங்குகள் வதைபட்டால் காவல் நிலையத்திலும் மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திலும் புகார் செய்யலாம். 1960 சட்டத்தில் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய்தான் அபராதம். இன்று ஒரு டீயும் வடையும் அந்த விலை. கொல்வதும் ஊனப்படுத்துவதும் வேறு கணக்கு: பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை.

பலருக்கும் தெரியாத ஒரு வழி மிச்சமிருக்கிறது. வழக்கில் பறிமுதலாகும் மாடுகளைப் போலீசார் காப்பகத்தில் விட்டுப் போவார்கள், வழக்கு இழுக்கும், தீவனச் செலவு காப்பகத்தின் தலையில் விழும். 2017-ம் ஆண்டின் வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகளின்படி அந்தச் செலவை உரிமையாளரிடமும் குற்றம் சாட்டப்பட்டவரிடமும் பெறலாம், மாஜிஸ்திரேட் அவர்களிடம் ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கலாம்.

அந்த அம்மாவின் கொட்டகைக்குப் பின்னால் அப்படி லாரியில் பிடிபட்ட ஏழு மாடுகள் நிற்கின்றன. வைக்கோல், தவிடு, டாக்டர் ஃபீஸ் என்று தேதி போட்டு எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. இதற்கெல்லாம் யாரிடம் கேட்பது என்று தெரியாமலே எழுதி வைத்தாராம். போன வாரம் அதை வக்கீலிடம் கொடுத்திருக்கிறார்.