எதுவரை வந்து சேர்ந்தது?

10 ஜிபி அளவுள்ள ஒரு காணொளியை இணையத்தில் ஏற்றும்போது திரையில் நகர்வது ஒரே ஒரு கோடு. கம்பிக்குள் போவதோ ஒரே பொருள் அல்ல. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1,500 பைட்தான் சுமக்கும். முகவரி முதலிய தகவல்களுக்கு இடம் ஒதுக்கியது போக மிஞ்சுவது சுமார் 1,460. அந்தக் கணக்கில் நம் காணொளி ஏறத்தாழ 68 லட்சம் துண்டுகளாகப் புறப்படுகிறது. எதுவரை கிடைத்தது என்று மறுமுனை சொல்லிக்கொண்டே வரும். வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அதை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். டிசிபி என்ற நெறிமுறை இந்த வேலையை நமக்குத் தெரியாமலே செய்துவருகிறது.

68 லட்சத்தில் ஒன்று தொலைந்தாலும் கண்டுபிடிக்கத் தெரிந்த ஏற்பாடு இது. இருந்தும், பாதிக்கு மேல் போன பிறகு வைஃபை அறுந்தால் பழைய முறையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காரணம், டிசிபியின் கணக்கு அந்த இணைப்பு உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். இணைப்பு போனால் கணக்கும் போய்விடும். மேலே இருக்கும் இணையப் பக்கத்துக்கு இந்தத் துண்டுகளைப் பற்றித் தெரியாது. முழுக் கோப்பும் அதற்கு ஒரே விண்ணப்பம். வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் எர்னஸ்டோ நெபெல், லாரி மாசின்டர் இருவரும் படிவத்தோடு கோப்பை இணைத்து அனுப்பும் அந்தப் பழைய முறையை 1995 நவம்பரில் எழுதி வெளியிட்டார்கள். ஒரே உறைக்குள் பெயர், முகவரி, கோப்பு எல்லாம் இருக்கும். நடுவில் பிரிப்புக் கோடாக, உள்ளடக்கத்தில் எங்கும் வராத ஓர் எழுத்துச் சரம். அழகான ஏற்பாடு, இன்றும் ஓடுகிறது. புகைப்படத்துக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் அது போதும். ஆனால் நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் நம் காணொளி போய்ச்சேர 2 மணி 13 நிமிடம் ஆகும். அத்தனை நேரம் ஓர் இணைப்பு அறாமல் இருக்கும் என்று நம்பி எப்படி அனுப்புவது?

பெற்றுக்கொள்ளும் சர்வருக்கும் தன் கவலை உண்டு. 100 பேர் ஆளுக்கு 1 ஜிபி அனுப்ப, அதையெல்லாம் நினைவகத்தில் தேக்கினால் 100 ஜிபி நினைவகம் வேண்டும். சர்வர்களில் ஓடும் என்ஜின்எக்ஸ் மென்பொருள், நாம் மாற்றி அமைக்காதவரை, 1 எம்பிக்கு மேல் வந்தால் 413 என்ற எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிஎச்பி மொழியில் ஒரு கோப்புக்கு இயல்பான வரம்பு 2 எம்பி. வரம்பை உயர்த்துவது எளிது. வருவதைத் தேக்காமல், வரவர வட்டில் எழுதிக்கொண்டே போகவைப்பதில்தான் வேலை இருக்கிறது.

அறுந்த இடத்திலிருந்து தொடர்வதற்கு வந்த வழிகளில் டஸ் என்ற திறந்த நெறிமுறை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் முதல் முழுப் பதிப்பு 2016இல் வந்தது. முதலில் சர்வர் அந்தக் கோப்புக்கென்று ஒரு முகவரி ஒதுக்குகிறது. இணைப்பு அறுந்து மீண்டதும் பிரவுசர் அந்த முகவரிக்குப் போய்க் கேட்பது ஒன்றே ஒன்று: எதுவரை வந்து சேர்ந்தது? சர்வர் ஓர் எண்ணைச் சொல்கிறது. அதற்கு அடுத்த பைட்டிலிருந்து பிரவுசர் தொடர்கிறது.

எவ்வளவு போய்ச்சேர்ந்தது என்பது அனுப்பியவருக்கே தெரியாதா? தெரியாது. பிரவுசர் கைவிட்ட பைட்டுகள் கணினியின் இடைத்தாங்கியிலோ, நடுவழி ரவுட்டரின் வரிசையிலோ நின்றிருக்கலாம். இணைப்போடு அவையும் அழிந்திருக்கலாம். போனது எவ்வளவு என்பது அனுப்பியவர் கணக்கு. சேர்ந்தது எவ்வளவு என்பது பெற்றவர் கணக்கு. இரண்டும் முரண்படும்போது பெற்றவர் சொல்வதே சரி என்று ஏற்றுக்கொண்ட உடனே இத்தனை சிக்கலும் ஒரு கேள்வி, ஒரு பதில் என்று சுருங்கிவிடுகிறது.

அமேசானின் எஸ்3 சேமிப்பகம் 2010இல் கொண்டுவந்த வழி வேறு. கோப்பை முன்னதாகவே 10,000 பகுதிகள் வரை வெட்டி எண் போட்டுவிடலாம். எந்தப் பகுதியும் எந்த வரிசையிலும், பல ஒரே நேரத்திலும் போகலாம். எல்லாம் வந்தபின் பட்டியலைக் கொடுத்து முடித்துவை என்று சொன்னால்தான் அவை ஒரு கோப்பாகும். சொல்ல மறந்தால் பாதியில் நின்ற பகுதிகள் அங்கேயே கிடந்து, வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

இத்தனை வழிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. 1 பெட்டாபைட், அதாவது 10 லட்சம் ஜிபியை, நம் 10 மெகாபிட் இணைப்பில் அனுப்ப 25 ஆண்டுகள் ஆகும். 2017 ஏப்ரலில் ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழு உலகின் பல மூலைகளிலிருந்து கருந்துளைகளை நோக்கியபோது திரண்ட தரவு பல பெட்டாபைட். அதை வன்வட்டுகளில் நிரப்பி, அமெரிக்காவின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் விமானத்தில் அனுப்பினார்கள். தென்துருவத்தில் இருந்த தொலைநோக்கியின் வட்டுகள் மட்டும் உடனே வரவில்லை. அங்கே குளிர்காலத்தில் விமானம் இறங்க முடியாது. மற்றவை வந்து காத்திருக்க, அந்தப் பகுதி பல மாதம் பனிக்கு நடுவே கிடந்து, டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது. நம் பால்வீதியின் நடுவில் இருக்கும் கருந்துளையின் படம் 2022 மே மாதம் வெளியானபோது, அந்த வட்டுகளில் வந்ததும் அதில் கலந்திருந்தது.