கூரை எதற்கு?

ஆம்பூர் காலணிக் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுங்கள். மூடியை அகற்றி, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். எளிதில் முறுகும். பிறகு மூடியைப் பசையிட்டு ஒட்டித் திருகுங்கள். விறைத்து நிற்கிறதல்லவா?

காரும் ஒரு பெட்டிதான். ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் பாயும்போதும் மேடுபள்ளத்தில் ஓடும்போதும் அதன் உடல் முறுகப் பார்க்கும். நிலையான கூரை அதைத் தடுக்கிறது. கூரை கழலும் காரில் அடிப்பகுதியை வலுப்படுத்த வேண்டும், எடை கூடும்.

1959இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டுக்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. எனவே போல்ட்டுகளால் பொருத்திய கூரையைக் கழற்ற முடிந்தது. 1961 முதல் சென்னையிலும் ஹெரால்டு தயாரானது.

வேலூர்க் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். திறந்த காரில் தோல் இருக்கை என்னவாகும்? இப்போது சொல்லுங்கள், உங்கள் தேர்வு எது?