கரி மண்ணில் விளைந்த காற்பந்துக் கழகம்

ஜெர்மனியின் காற்பந்துக் குழு ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், 'பாயர்ன் மியூனிக்' என்ற பதில் உடனே வரும். அதில் தவறில்லை. ஆனால் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி 1955ஆம் ஆண்டு முதன்முதலாகத் தொடங்கியபோது, மேற்கு ஜெர்மனியின் வெற்றியாளர் என்ற முறையில் அதில் ஆடச் சென்றது பாயர்ன் அல்ல. நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு குழு. அதன் பெயர் ரோட்-வைஸ் எசன். ரோட் என்றால் சிவப்பு, வைஸ் என்றால் வெள்ளை. எசன் என்பது ஊர்.

மேற்கு ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் இருக்கிறது எசன். நிலத்துக்கு அடியில் நிலக்கரி, மேலே குரூப் நிறுவனத்தின் இரும்பு உருக்காலைகள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய ஊர்களில் இதுவும் ஒன்று. அந்த ஊரின் வடபகுதியில், தொழிலாளர்கள் நெருக்கமாகக் குடியிருந்த ஃபோகல்ஹைம் என்ற இடத்தில் 1907இல் இந்தக் கழகம் பிறந்தது. தொடங்கியவர்களில் கியோர்க் மெல்ஷஸ் என்ற சிறுவனும் ஒருவன். அப்போது அவனுக்கு வயது 13. விளையாட்டாகத் தொடங்கியதை வளர்ந்த பிறகும் அவர் விடவில்லை. 1963இல் கண்ணை மூடும் வரை கழகமே அவருக்கு மூச்சு. ஹாஃபன்ஷ்ட்ராஸெ, அதாவது துறைமுகத் தெருவில் இருந்த திடலுக்குப் பின்னர் அவர் பெயரையே சூட்டினார்கள்.

போர் முடிந்து ஊர் எழுந்து நின்ற காலம்தான் கழகத்தின் பொற்காலம். அப்போதைய ஆட்டக்காரர்களைக் கோடீசுவரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்த ஆட்டக்காரருக்கு மாதம் 320 மார்க்குக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அன்று விதி வைத்திருந்தார்கள். ஆகையால் பலருக்கு வேறு வேலையும் இருந்தது. கோல் காவலர் ஃப்ரிட்ஸ் ஹெர்கென்ராத் ஒரு பள்ளி ஆசிரியர்! 'பறக்கும் வாத்தியார்' என்றே அவரை அழைத்தார்கள். 1958 உலகக் கிண்ணப் போட்டியில் மேற்கு ஜெர்மனியின் கோலைக் காத்தவரும் இவர்தான். (இதை எழுதும்போது எனக்கு உள்ளூர ஒரு பெருமை, ஒரே தொழில் அல்லவா!)

ஆனால் எசன் மக்கள் இன்றுவரை மறக்காத பெயர் ஹெல்மூட் ரான். பெரிய நிலக்கரிச் சுரங்கமான சோல்ஃபெரைனை ஒட்டிய காட்டர்ன்பெர்க் பகுதியில் பிறந்து, 1951இல் ரோட்-வைஸில் சேர்ந்தார். வலது ஓரத்தில் ஆடுபவர். வாயாடி. பயிற்றுநருக்கு அடங்காதவர். 1954இல் கழகம் தென் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது, உருகுவே நாட்டுக் கழகம் ஒன்று அவரை அங்கேயே இழுத்துக்கொள்ளப் பார்த்தது. அந்த நேரத்தில் தேசியக் குழுவின் பயிற்றுநர் ஸெப் ஹெர்பெர்கர் தந்தி அடித்து அவரைத் திரும்ப அழைத்தார். அந்தத் தந்தி போகாமல் இருந்திருந்தால் உலகக் காற்பந்து வரலாறே மாறியிருக்கும் என்பேன். 1954 ஜூலை 4ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், யாராலும் வெல்ல முடியாது என்று எண்ணப்பட்ட ஹங்கேரியை எதிர்த்து உலகக் கிண்ண இறுதியாட்டம். முதல் 8 நிமிடங்களுக்குள் ஹங்கேரி 2 கோல் போட்டுவிட்டது. பிறகு ஆட்டம் சமமானது. சமன் செய்த கோலும் ரானுடையது, 84ஆம் நிமிடத்தில் வெற்றியைத் தந்த கோலும் ரானுடையது. போரில் தோற்றுத் தலைகுனிந்து கிடந்த ஒரு நாடு அன்று வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்று அழுதது.

அதற்கு முன்பே, 1953இல், ஆஹன் குழுவை 2-1 என்று வென்று கழகம் ஜெர்மன் கிண்ணத்தைக் கைப்பற்றியிருந்தது. 1955 ஜூன் 26ஆம் நாள் ஹனோவரில் நாட்டு வெற்றியாளர் பட்டத்துக்கான இறுதியாட்டம் நடந்தது. எதிரில் கைசர்ஸ்லாட்டர்ன். அதன் தலைவர் ஃப்ரிட்ஸ் வால்டர், பெர்னில் கிண்ணம் வென்ற குழுவின் தலைவர், ரானோடு ஒரே அறையில் தங்கியவர். நண்பர்கள் எதிரெதிரே நின்றார்கள். ஆட்டம் 3-3 என்று இழுபறியாகி, கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இஸ்லாக்கர் போட்ட கோலால் எசன் 4-3 என்று வென்றது. அன்று இஸ்லாக்கர் மட்டும் 3 கோல். அவருடைய பேத்தி மாண்டி இஸ்லாக்கர், 2016 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மன் மகளிர் குழுவில் இடம்பெற்றார் என்பது கூடுதல் செய்தி.

வெற்றியாளர் என்ற முறையில் ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் போனார்களே, அங்கே என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்தின் ஹிபர்னியன் குழு எசனுக்கே வந்து 4-0 என்று அடித்துவிட்டுப் போனது. மறு ஆட்டம் 1-1. முதல் சுற்றிலேயே கதை முடிந்தது. அந்த மேடைக்கு இந்தக் கழகம் அதன் பிறகு திரும்பவே இல்லை.

1959இல் ரான் கொலோனுக்குப் போனார். 1963இல் பூண்டஸ்லிகா என்ற தேசிய முதல் பிரிவு 16 குழுக்களோடு தொடங்கியபோது அதில் எசன் இல்லை. பின்னர் மூன்று முறை ஏறி, மூன்று முறை இறங்கி, மொத்தம் ஏழு பருவங்கள் அதில் ஆடியது. அந்த இறக்கங்களில் ஒன்று மனத்தை உறுத்துவது. 1971இல் எசன் கடைசி இடத்தில் வந்து வெளியேறியது. பருவம் முடிந்த மறுநாளே, சில குழுக்கள் இறக்கத்திலிருந்து தப்பப் பணம் கொடுத்து ஆட்டங்களை வாங்கிய மோசடி அம்பலமானது. ஆட்டக்காரர்கள் பலர் தண்டிக்கப்பட்டார்கள். ஆனாலும் இறங்கிய எசன் இறங்கியதுதான்.

அந்தக் காலத்து நாயகன் வில்லி லிப்பென்ஸ். வாத்து போல அசைந்து அசைந்து ஓடுவதால் 'வாத்து' என்றே பட்டப்பெயர். ஜெர்மனியில் பிறந்தாலும் தந்தை டச்சுக்காரர். போர்க்காலக் கசப்பை மறக்காத அந்தத் தந்தை, மகன் ஜெர்மனிக்காக ஆடுவதை ஒப்புக்கொள்ளவில்லை. லிப்பென்ஸ் 1971இல் நெதர்லாந்துக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடினார், ஒரு கோலும் போட்டார். அவரைப் பற்றி எசனில் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. இலக்கணம் சொல்லித் தருகிறவன் என்பதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஒருமுறை நடுவர் அவரைக் கண்டிக்கும்போது வேற்றுமை உருபில் தடுக்கி விழுந்தார். தமிழில் சொன்னால், 'உங்களை எச்சரிக்கிறேன்' என்பதற்குப் பதில் 'உங்களுக்கு எச்சரிக்கிறேன்' என்றார். லிப்பென்ஸ் கொஞ்சமும் யோசிக்காமல், 'உங்களை நன்றி' என்றார். நடுவர் அவரைத் திடலை விட்டே வெளியேற்றிவிட்டார்!

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஹோர்ஸ்ட் ஹ்ரூபேஷ் 1975இல் எசனில் சேர்ந்தபோது வயது 24. கூரை வேய்கிற தொழில் பழகியவர். 1980இல் ஐரோப்பிய வெற்றியாளர் இறுதியாட்டத்தில் பெல்ஜியத்துக்கு எதிராக ஜெர்மனியின் 2 கோலையும் அவரே போட்டார். ஆனால் அப்போது அவர் எசனில் இல்லை. நல்ல ஆட்டக்காரர்களை வளர்ப்பது, பணமில்லாமல் அவர்களைப் பெரிய கழகங்களிடம் இழப்பது, இதுவே வழக்கமாகிவிட்டது. 2014இல் உலகக் கிண்ணம் வென்ற மெசுட் ஒஸிலும், துருக்கியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியின் பேரன், சிறு வயதில் இங்கே ஐந்தாண்டுகள் பயின்று, 2005இல் பக்கத்து ஊர்க் கழகமான ஷால்கவுக்குப் போனவர்தான்.

1977இல் முதல் பிரிவைவிட்டு இறங்கியதோடு சரிவு தொடங்கியது. ஊரும் அதே பாதையில்தான் போனது. சோல்ஃபெரைன் சுரங்கம் 1986 டிசம்பரில் மூடப்பட்டது. வேலை போன ஊரில் கழகத்துக்கு மட்டும் பணம் எங்கிருந்து வரும்? கடன் ஏறியது. கணக்கு ஒழுங்காக இல்லை என்று 1991இல் உரிமம் பறிபோனது. மறுபடி ஏறினார்கள். 1994இல் பருவத்தின் நடுவிலேயே மீண்டும் உரிமம் பறிபோய், லீக்கில் ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் எல்லாம் செல்லாதவையாயின. அதே பருவத்தில் நடந்ததுதான் விந்தை. கிண்ணப் போட்டியில் மட்டும் ஒவ்வொரு சுற்றாக வென்று, மே 14ஆம் நாள் பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் இறுதியாட்டம் ஆடினார்கள்! வெர்டர் பிரேமனிடம் 3-1 என்று தோற்றார்கள். லீக்கில் இடமில்லாத குழு, கிண்ண இறுதியாட்டத்தில்.

2008இல் புதிதாக அமைந்த மூன்றாம் பிரிவில் இடம்பெறக் கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தாலே போதும் என்ற நிலை. சொந்தத் திடலில், ஏற்கெனவே இறங்குவது உறுதியாகிவிட்ட லூபெக் குழுவிடம் 1-0 என்று தோற்றார்கள். 2010இல் கழகம் நொடித்துப்போய், ஐந்தாம் பிரிவுக்கு விழுந்தது. ஐந்தாம் பிரிவு என்றால் சிற்றூர்க் குழுக்கள் ஆடும் இடம். அங்கேயும் ஆயிரக்கணக்கானோர் சிவப்பு வெள்ளைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஆண்டில் அதிலிருந்து மேலே வந்தார்கள். 2012இல் பழைய திடலுக்குப் பக்கத்திலேயே சுமார் 20,000 பேர் கொள்ளும் புதிய அரங்கு திறக்கப்பட்டது. 2021இல் நான்காம் பிரிவுக் குழுவாக இருந்தபடியே, முதல் பிரிவின் லெவர்குசனைக் கிண்ணப் போட்டியில் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வீழ்த்தினார்கள்.

2022ஆம் ஆண்டு, கையில் வந்ததைச் சொந்த ரசிகரே தட்டிவிடப் பார்த்தார். பிப்ரவரியில் முக்கியப் போட்டியாளரான மூன்ஸ்டருடன் ஆட்டம். எசன் பக்கமிருந்து ஒருவர் வீசிய வெடி, எதிரணி மாற்று ஆட்டக்காரர்கள் அருகில் வெடித்துக் காயம் ஏற்பட்டது. ஆட்டம் நின்றது. வெற்றி மூன்ஸ்டருக்கே எழுதப்பட்டது. தண்டனை நியாயமானதே. மே மாதம் கடைசி ஆட்டம் வரை இரு குழுக்களும் கழுத்தோடு கழுத்தாகப் போட்டியிட்டன. எசன் சொந்தத் திடலில் ஆலன் குழுவை 2-0 என்று வென்றது. மூன்ஸ்டரும் அதே புள்ளிகளில் முடித்தது. கோல் வித்தியாசத்தில் எசன் மேலே நின்றது. 2008இல் ஒரே ஆட்டத்தில் நழுவவிட்ட மூன்றாம் பிரிவில் காலடி வைக்க அவர்களுக்கு 14 ஆண்டுகள் ஆயின. விசில் ஒலித்ததும் ரசிகர்கள் திடலுக்குள் பாய்ந்தார்கள்.