இருமுறை வந்த அரை மணி நேரம்

கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனியப் பக்கம், மகாவலியை மறித்து நிற்கிறது விக்டோரியா அணை. உயரம் 122 மீற்றர், திறக்கப்பட்டது 1985இல். அதன் மின்நிலையத்தின் மூன்று மின்பிறப்பாக்கிகள் சேர்ந்து 210 மெகாவாட் தரக்கூடியவை. இத்தகைய நிலையங்களில் நீர்மட்டம், அழுத்தம், வெப்பம் என்று உணரிகள் ஓயாமல் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். இயந்திரம் திடீரென நின்றால் பொறியாளர் தேடுவது அந்தப் பழைய எண்களின் வரைகோட்டைத்தான்.

அதைத் திரையில் காட்டுவது எளிதல்ல. செக்கனுக்கு ஓர் அளவீடு என்றால் 30 நாளில் ஏறத்தாழ 26 இலட்சம் சேரும். திரையின் அகலமோ 1,920 புள்ளிகள். ஒரு புள்ளிக்குள் 1,350 அளவீடுகள் நெருக்கியடிக்க வேண்டும்! சராசரி எடுத்து வரைந்தால், இரண்டு செக்கன் மட்டும் எகிறிய அழுத்தம் அடையாளமின்றிக் கரைந்துவிடும். விபத்துக்குக் காரணமே அதுவாக இருக்கலாம். ஆகவே நல்ல மென்பொருள், ஒவ்வொரு புள்ளிக்கும் மிகக் குறைந்த அளவையும் மிகக் கூடிய அளவையும் இணைத்து ஒரு செங்குத்துக் கோடு போடும். கோடு நீண்டு நிற்கும் இடத்தைப் பெருப்பித்தால் உண்மையான அளவீடுகள் விரியும்.

இதைவிட வில்லங்கமானது நேரம்.

2006 ஏப்ரல் 15 அன்று, நள்ளிரவு தாண்டி அரை மணியானபோது இலங்கை தன் கடிகாரங்களை மீண்டும் 12 மணிக்குத் தள்ளிவைத்தது. அந்த அரை மணி நேரம் இருமுறை வந்தது. உள்ளூர் நேரத்தில் பதிந்த தரவில் எது முந்தியது, எது பிந்தியது? பிரித்தறிய வழியில்லை. இதனால்தான் உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி கூட்டுகிறார்கள். 2005ஆம் ஆண்டுப் பதிவு என்றால் கூட்ட வேண்டியது 6 மணி.