கடலுக்கு அடியில் ஒரு கடன்!

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடல் இருக்கிறது. அந்தக் கடலுக்கு அடியில் ரெயில் ஓடுகிறது! சுரங்கத்தின் நீளம் 50 கிலோ மீட்டர். அதில் 38 கிலோ மீட்டர் கடலுக்கு அடியில் போகிறது.

இதைத் தோண்டிய கதை பலருக்குத் தெரியும். இதற்குப் பணம் புரட்டிய கதை அவ்வளவாகத் தெரியாது. தோண்டியதை விட அதுதான் பெரிய கூத்து.

சர்க்கார் கை விரித்தது

யோசனை பழையது. 1802-ம் ஆண்டிலேயே ஒரு பிரெஞ்சு என்ஜினீயர் இதைச் சொன்னார். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் குதிரை வண்டிகள் போகும் என்றார்! பிறகு பல முறை பேச்சு நடந்தது. 1975-ல், செலவுக்குப் பயந்து, தொடங்கிய வேலையையே இங்கிலாந்து நிறுத்திவிட்டது.

1986-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்து கொண்டன. அப்போது இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர் திருமதி தாட்சர். அவர் ஒரே பிடிவாதமாக இருந்தார். சர்க்கார் பணம் கிடையாது. சர்க்கார் ஜாமீனும் கிடையாது. தனியார் பணத்திலேயே கட்ட வேண்டும்!

10 கட்டிடக் கம்பெனிகளும் 5 பாங்கிகளும் சேர்ந்து இதில் இறங்கின. "யூரோ டன்னல்" என்ற கம்பெனி பிறந்தது. சுரங்கத்தை 55 ஆண்டுகள் நடத்தி வசூல் செய்து கொள்ளலாம் என்று உரிமை கிடைத்தது.

கம்பெனியிடம் வேறு சொத்து எதுவும் இல்லை. சுரங்கம்தான் சொத்து. அதையும் இனிமேல்தான் தோண்ட வேண்டும்!

எந்த ஜாமீனில் கடன்?

நாம் பாங்கியில் கடன் கேட்டால் என்ன செய்கிறார்கள்? நகை உண்டா, பத்திரம் உண்டா, ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் உண்டா என்று கேட்கிறார்கள். தொழில் படுத்துவிட்டால் வீட்டை ஏலம் போட்டாவது பணத்தை எடுத்துக் கொள்வார்கள்.

இந்தக் கடன் அப்படி அல்ல. ஒருவர் பஸ் வாங்கக் கடன் கேட்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"பஸ் வசூலில் இருந்து தவணை கட்டுகிறேன். வசூல் இல்லாவிட்டால் பஸ்சை எடுத்துக் கொள்ளுங்கள். என் வீட்டுப் பக்கமோ, என்னுடைய மளிகைக் கடைப் பக்கமோ வரக் கூடாது" என்கிறார்.

பாங்கிக்காரர் எளிதில் சம்மதிப்பாரா? மாட்டார். "பஸ் ரோட்டுக்கு வருகிற வரைக்குமாவது நீங்கள் பொறுப்பு" என்பார். பொறுப்புக்கு இப்படி ஓர் எல்லை கட்டினால், அதுதான் "லிமிடெட் ரிக்கோர்ஸ்" கடன். மின்சார நிலையம், எண்ணெய்க் கிணறு, துறைமுகம் போன்ற பெரும் பணம் விழுங்கும் தொழில்களுக்கு உலகம் எங்கும் இப்படிக் கடன் வாங்குகிறார்கள். தொழில் மூழ்கினால் அது மட்டுமே மூழ்கும். தாய்க் கம்பெனி தப்பிக்கும். அதற்குக் கூலியாக வட்டி கூடுதல்.

பஸ்சையாவது ஏலம் போடலாம். கடலடிச் சுரங்கத்தை யார் ஏலம் எடுப்பார்?

ஆகவே பாங்கிகள் சொத்தைப் பார்க்கவில்லை. ஒப்பந்தங்களைப் பார்த்தன. இரு நாட்டு ரெயில்வேக்களும் ஓர் உறுதி கொடுத்தன. பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் 2006-ம் ஆண்டு வரை குறைந்த பட்ச வாடகை ஒன்று கட்டி விடுவதாக ஒப்புக் கொண்டன. கம்பெனி சரியாக நடத்தாவிட்டால் வேறு ஆளை அமர்த்தும் உரிமையையும் பாங்கிகள் எழுதி வாங்கின.

1987-ல் சுமார் 200 பாங்கிகள் சேர்ந்து 500 கோடி பவுண்டு கடன் தரச் சம்மதித்தன. இந்தக் கூட்டத்தில் ஜப்பான் பாங்கிகளும் உண்டு!

குடும்பங்களின் சேமிப்பு

கடன் மட்டும் போதாது. பங்குத் தொகையாகச் சுமார் 100 கோடி பவுண்டு வேண்டும். 1987 நவம்பரில் பொது மக்களுக்குப் பங்குகள் விற்கப்பட்டன. ஒரு பங்கு மூன்றரை பவுண்டு. நிறையப் பங்கு வாங்கினால் சுரங்கத்தில் பயணச் சலுகை உண்டு என்றும் ஆசை காட்டினார்கள். குறிப்பாகப் பிரான்சில் சாதாரணக் குடும்பங்கள் சேமிப்பை எடுத்துப் போட்டன. 1989-ல் பங்கு விலை 10 பவுண்டைத் தாண்டியது. வாங்கியவர்களுக்குத் தலை கால் புரியவில்லை.

ஆனால் ஒரு விஷயம் பலர் கண்ணில் படவில்லை. வசூல் வந்தால் முதலில் பாங்கிகளுக்கு. மிச்சம் இருந்தால்தான் பங்குதாரருக்கு. பந்தியில் கடைசி இலை அவர்களுடையது!

கூட்டம் வரவில்லை

1990-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, இரு கரைகளில் இருந்தும் தோண்டி வந்தவர்கள் கடலுக்கு அடியில் கை குலுக்கினார்கள். வேலையின்போது 10 தொழிலாளர்கள் உயிர் இழந்தனர். 1994 மே 6-ந் தேதி எலிசபெத் ராணியும் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரானும் சுரங்கத்தைத் திறந்தனர்.

480 கோடி பவுண்டில் முடியும் என்று சொன்ன வேலை, கிட்டத்தட்ட இரு மடங்கை விழுங்கிவிட்டது. கட்டியவர்களுக்கும் கம்பெனிக்கும் ஓயாத சண்டை. பாதுகாப்புக்காக இடையிடையே மாற்றங்கள். நாள் ஏற ஏற வட்டியும் ஏறியது.

திறந்த பிறகாவது பணம் கொட்டியதா? இல்லை. 1995-ல் 1 கோடியே 59 லட்சம் பேர் ரெயிலில் போவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் 30 லட்சம் பேர் கூட இல்லை! கப்பல் கம்பெனிகள் டிக்கெட் விலையைக் குறைத்து மல்லுக்கு நின்றன. அந்த ஆண்டு செப்டம்பரில், "வட்டி கட்ட முடியாது" என்று கம்பெனி அறிவித்துவிட்டது.

பாங்கிகள் யாரைப் பிடிக்கும்? சர்க்காரைக் கேட்க முடியாது. கட்டிய கம்பெனிகளின் சொத்திலும் கை வைக்க முடியாது. சுரங்கத்தைப் பெயர்த்து எடுத்துப் போகவும் முடியாது! 1998-ல் கடனில் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக் கொண்டன. நடத்தும் உரிமையும் 2086-ம் ஆண்டு வரை நீட்டப்பட்டது.

அப்படியும் தீரவில்லை. 2004-ல் கொதித்து எழுந்த சிறு பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு டைரக்டர்களையே வெளியேற்றினார்கள். 2006-ல் விவகாரம் பாரீஸ் கோர்ட்டுக்குப் போனது. 2007-ல் 620 கோடி பவுண்டுக் கடன் பாதிக்கும் கீழே வெட்டப்பட்டது. பாங்கிகளுக்கு அடி. மூன்றரை பவுண்டு போட்டவர்களுக்கோ மிஞ்சியது சில்லறை.

சுரங்கம் மட்டும் அப்படியே இருந்தது. ரெயில்கள் ஓடின. 2009-ல் முதல் தடவையாக லாபப் பங்கு கொடுத்தார்கள். அதற்குள் பங்குகளில் பெரும் பகுதி கை மாறிவிட்டது.

2086-ல் உரிமை முடிகிறது. அன்றைக்குச் சுரங்கம் இரண்டு நாட்டு சர்க்கார்களிடமும் போய்ச் சேரும். ஜாமீன் கையெழுத்துக் கூடப் போட மறுத்தார்களே, அதே சர்க்கார்களிடம்!