சுரங்கத் தொழிலாளிகள் ஏற்றிய கிறிஸ்துமஸ் விளக்குகள்

ஐரோப்பாவில் பண்டிகைக் காலத்தைக் கழிக்கும் நம்மூர்த் தம்பதிகளே... இந்த டிசம்பரில் ஜெர்மனியின் சாக்சனி பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்!

டிசம்பர் பிறந்தாலே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோக்கள் வரத் தொடங்கிவிடும். மகளும் மாப்பிள்ளையும் கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு, கையில் ஆவி பறக்கும் கோப்பையோடு நிற்பார்கள். பின்னால் மரவீடு போன்ற சின்னச் சின்னக் கடைகள். எங்கு பார்த்தாலும் மஞ்சள் விளக்குகள். மந்தாரக்குப்பத்திலோ நெய்வேலி டவுன்ஷிப்பிலோ உட்கார்ந்து அதைப் பார்க்கும் பெற்றோருக்கு, ‘இதெல்லாம் வேறு உலகம்’ என்று தோன்றும்.

உண்மையில் அந்த விளக்குகளில் பலவற்றை முதலில் ஏற்றியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள். ஷிஃப்டுக்குப் போன மனிதர் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள். நெய்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு பழகிய ஒன்றுதானே!

நாலு மணிக்கே இருட்டு

ஜெர்மனியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் இருக்கிறார்கள். தலை தீபாவளி முடிந்த கையோடு விமானம் ஏறிய புதுஜோடிகளும் அதில் உண்டு. அவர்களுக்கு முதல் அதிர்ச்சி குளிர் அல்ல, இருட்டு. டிசம்பரில் காலை எட்டு மணி வாக்கில்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மாலை நாலு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. இங்கே அம்மாவுக்கு இரவு ஒன்பதரை ஆகும்போது அங்கே மாலை ஐந்துதான். ஆனால், ஜன்னலுக்கு வெளியே நடுராத்திரி போல இருக்கும்.

இந்த இருட்டைத் தாண்டத்தான் அங்கே பண்டிகையை ஒரே நாளில் முடித்துக்கொள்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தே ‘அட்வென்ட்’ காலம் தொடங்கிவிடுகிறது. முதல் ஞாயிறு ஒரு மெழுகுவத்தி, அடுத்த ஞாயிறு இரண்டு என்று வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவார்கள். குழந்தைகளுக்கு 24 ஜன்னல் வைத்த காலண்டர். தினம் ஒரு ஜன்னலைத் திறந்தால் உள்ளே ஒரு மிட்டாய். டிசம்பர் 5 இரவு வாசலில் ஷூவைச் சுத்தம் செய்து வைத்தால், மறுநாள் காலை அதில் நிக்கோலஸ் தாத்தா வைத்த பரிசு இருக்கும்.

நம் வீடுகளில் கார்த்திகை தீபத்துக்கு அகல் ஏற்றுவதும் ஏறக்குறைய இதே நாட்களில்தான். மார்கழிக் கோலமும் இதே இருட்டு விடியலில்தான். அதனால், பால்கனியில் நாலு அகல் வைக்கும் தமிழ்த் தம்பதியை ஜெர்மன் பக்கத்து வீட்டுக்காரர் விநோதமாகப் பார்க்கப்போவதில்லை. அவர் வீட்டு ஜன்னலிலும் விளக்கு இருக்கும்.

ஜன்னலில் வளைவு விளக்கு

அந்த ஜன்னல் விளக்கின் பூர்வீகம், சாக்சனியில் செக் நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடர். பெயருக்கே ‘தாது மலை’ என்றுதான் அர்த்தம். 1168-ல் ஃப்ரைபெர்க் பகுதியில் வெள்ளி கிடைத்ததும், சுரங்க ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. 2019-ல் யுனெஸ்கோ இந்தச் சுரங்க நிலப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். தலைக்கு மேல் வானம் இருக்கும். அங்கேயோ மலையைக் குடைந்து உள்ளே போக வேண்டும். குளிர்காலத்தில் விடிவதற்கு முன் இறங்கி, இருட்டிய பின் ஏறி வருபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பகல் வெளிச்சம். அதனால்தான் அந்த ஊர்களில் விளக்கு மீது அப்படி ஒரு ஆசை வந்தது என்பார்கள்.

அரைவட்ட வளைவு, அதன்மேல் வரிசையாக மெழுகுவத்திகள். இதுதான் ‘ஷ்விப்போகன்’. இரும்பில் செய்த மிகப் பழைய வளைவு, யோஹான்கியோர்கன்ஸ்டாட் என்ற சுரங்க ஊரில் 1740-ல் செய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ஷிஃப்டில் தொழிலாளிகள் தங்கள் விளக்குகளைச் சுரங்க வாயிலைச் சுற்றி மாட்டி வைத்ததுதான் இந்த வடிவத்துக்கு மூலம் என்று ஒரு கதையும் உண்டு. அன்றைக்கு வேலையைச் சீக்கிரம் முடித்து, ஒன்றாக உட்கார்ந்து பாடி, சாப்பிட்டு, பத்திரமாகக் கடந்த ஆண்டுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்களாம்.

இன்னொரு வழக்கம் மனதைத் தொடும். வீட்டில் எத்தனை பையன்களோ, ஜன்னலில் அத்தனை மரச் சுரங்கத் தொழிலாளி பொம்மைகள். எத்தனை பெண் பிள்ளைகளோ, அத்தனை தேவதைகள். ஒவ்வொரு பொம்மையின் கையிலும் விளக்கு. தெருவில் நடந்து போகிறவருக்கு, உள்ளே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஜன்னலே சொல்லிவிடும்.

அட்வென்ட்டின் நான்காவது ஞாயிறன்று அன்னாபெர்க்-புக்ஹோல்ஸ் ஊரில் நடக்கும் சுரங்கத் தொழிலாளர் அணிவகுப்பைத் தவறவிடாதீர்கள். பழங்காலச் சீருடையும் உயரத் தொப்பியும் அணிந்து, கையில் விளக்கோடும் பேண்டு வாத்தியத்தோடும் ஆயிரம் பேருக்குக் குறையாமல் நடந்து வருவார்கள். ‘க்ளூக் அவுஃப்’ என்பது அவர்களின் வணக்கம். நல்லபடியாக மேலே வந்து சேர வாழ்த்தும் வார்த்தை அது. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போடும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு, அந்த நடையில் இருக்கும் தொழில் பெருமை சட்டென்று புரியும்.

புகை விடும் பொம்மை

வெள்ளியும் தகரமும் கட்டுப்படியாகாமல் போனபோது இந்த ஊர்கள் என்ன செய்தன? அங்கேதான் சைஃபன் கிராமத்தின் கதை வருகிறது. தகரச் சுரங்கத்தில் வருமானம் குறையக் குறைய, குடும்பம் குடும்பமாக மரக்கடைசலுக்கு மாறினார்கள். உலகம் முழுக்க கிறிஸ்துமஸுக்கு விற்கும் பல மரப்பொம்மைகளின் தாய்வீடு இந்தச் சின்னக் கிராமம்தான்.

வாயைத் திறந்து கொட்டையை உடைக்கும் ‘நட்கிராக்கர்’ பொம்மையை இன்றைக்கு நமக்குத் தெரிந்த வடிவில் சுமார் 1870-ல் கடைந்தவர் சைஃபனைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஃப்யூக்ட்னர். பொம்மைக்கு ராஜா, போலீஸ், சிப்பாய் என்று அதிகாரத்தில் இருப்பவர்களின் முகம்தான். ஊரை அதட்டுகிறவர்களைக் கொட்டை உடைக்க வைப்பதில் ஏழைத் தொழிலாளிக்கு ஒரு குறும்பு!

‘ரொய்ஷர்மென்ஷன்’ என்ற இன்னொரு பொம்மையின் வயிற்றுக்குள், நம் கம்ப்யூட்டர் சாம்பிராணி போன்ற கூம்பைக் கொளுத்தி வைத்தால், அதன் வாய் வழியாகப் புகை வரும். மாடி மாடியாக இருக்கும் ‘பிரமிடு’ இன்னும் அழகு. கீழே மெழுகுவத்திகள் ஏற்றினால், எழும்பும் சூட்டில் மேலேயுள்ள காற்றாடி சுழன்று, பொம்மைகள் வட்டமாகச் சுற்றும். குதிரையைச் சுற்றவிட்டுச் சுரங்கத்திலிருந்து தாது ஏற்றிய பழைய இயந்திரத்தை இது நினைவுபடுத்துகிறது என்பார்கள்.

மிளகு கேக்கும் தரங்கம்பாடியும்

சாக்சனியின் தலைநகர் டிரெஸ்டன். இங்குள்ள ‘ஸ்ட்ரீட்செல்மார்க்ட்’ கிறிஸ்துமஸ் சந்தை 1434-லிருந்து நடக்கிறது. பக்கத்திலுள்ள பவுட்சன் ஊர்ச் சந்தையின் குறிப்பு அதைவிடப் பழையது, 1384. டிரெஸ்டனின் அடையாளம் ‘ஸ்டோலன்’ கேக். திராட்சையும் வெண்ணெயும் சேர்த்துச் செய்து, மேலே மாவுச் சர்க்கரையைத் தூவுவார்கள். துணியில் சுற்றிய குழந்தை இயேசு போல இருப்பதாகச் சொல்வார்கள். ஜெர்மன் மொழியில் ‘ஸ்டோலன்’ என்ற சொல்லுக்குச் சுரங்கப்பாதை என்றும் ஒரு அர்த்தம் உண்டு.

இந்தச் சந்தைகளில் ‘புல்ஸ்னிட்ஸ்’ என்ற பெயர் போட்ட மசாலா கேக் கிடைக்கும். ‘மிளகு கேக்’ என்று பெயர். கடல் கடந்து வந்த பட்டை, லவங்கம் போன்ற மசாலாக்கள் எல்லாவற்றையும் அக்காலத்தில் பொதுவாக மிளகு என்றே சொன்னதால் வந்த பெயர் இது. புல்ஸ்னிட்ஸில் 1558 முதல் இதைச் சுடுகிறார்கள்.

அந்த ஊரில் 1682-ல் பிறந்தவர்தான் சீகன்பால்க். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்று, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715-ல் அச்சிட்டு முடித்தவர். நம் கிறிஸ்தவ வீடுகளில் தொங்கும் காகித நட்சத்திரத்தைப் போலவே, அங்கே முட்கள் நீட்டிய ‘ஹெர்ன்ஹூட் நட்சத்திரம்’ பிரபலம். அந்த ஹெர்ன்ஹூட் ஊரின் சபையாரும் 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள். கடலூர்க்காரர்களுக்குத் தரங்கம்பாடி ஒரு பஸ் பயண தூரம்தானே!

இங்கேயும் பழுப்பு நிலக்கரிதான்

பவுட்சனும் ஹெர்ன்ஹூட்டும் இருக்கும் லாவுசிட்ஸ் பிரதேசம் சாக்சனியிலும் பக்கத்து பிராண்டன்பர்க் மாநிலத்திலும் பரவியிருக்கிறது. இது ஜெர்மனியின் நெய்வேலி. மண்ணுக்கு அடியில் இருப்பது அதே பழுப்பு நிலக்கரி. நெய்வேலியின் முதல் சுரங்கத்தில் 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிப்பட்டபோது வெட்டியதும் ஜெர்மன் தொழில்நுட்பம்தான். பக்கெட் வீல், கன்வேயர், ஸ்ப்ரெட்டர் என்று நெய்வேலிக் குழந்தைகளுக்கு மழலையிலேயே பழகிய அந்த ராட்சத மெஷின்கள், இந்தியாவில் முதன்முதலில் வேலை செய்தது இங்கேதான்.

பிராண்டன்பர்க்கின் லிஷ்டர்ஃபெல்டில் ‘எஃப் 60’ என்ற மேல்மண் அகற்றும் பாலத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நீளம் 502 மீட்டர், எடை 11,000 டன். ‘படுத்திருக்கும் ஈஃபிள் கோபுரம்’ என்று செல்லப் பெயர். 1991-ல் ஓடத் தொடங்கிய இந்த மெஷின் 1992-லேயே நின்றுவிட்டது, அந்தச் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை முழுவதும் கைவிடுவதாகச் சட்டம் போட்டிருக்கிறது.

பழைய குழிகளில் தண்ணீர் நிரப்பி ஏரிகளாக்கியிருக்கிறார்கள். சென்ஃப்டன்பெர்க் ஏரியில் கோடையில் படகு ஓடுகிறது. ஆனால், லாவுசிட்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் சுரங்கத்துக்காகக் காணாமல் போயிருக்கின்றன. ஹோர்னோ கிராமம் இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் ஃபோர்ஸ்ட் நகருக்கு மாற்றப்பட்டது. அங்கே, மறைந்த ஊர்களின் நினைவாக ஒரு காப்பகம் வைத்திருக்கிறார்கள். நிலம் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் வீடு கட்டிய குடும்பங்களை நெய்வேலிப் பக்கத்திலும் கேட்டுப் பார்க்கலாம். பண்டிகை வந்தால் பழைய ஊரின் கோயிலும் குளமும் ஞாபகம் வரத்தான் செய்யும்.

ஒரு நாள் நம் சுரங்கங்களும் தீரும். அதற்குப் பின் ஊர் என்னவாகும் என்ற கேள்விக்குச் சைஃபன் ஒரு பதில் வைத்திருக்கிறது. சுரங்கம் போனாலும், தொழிலாளியின் உருவத்தை ஜன்னலில் வைத்து, அதையே பிழைப்பாகவும் பெருமையாகவும் மாற்றிக்கொண்டார்கள்.

கிளம்பும் முன்...

* சந்தைகள் பெரும்பாலும் டிசம்பர் 23 அல்லது 24-ல் முடிந்துவிடும். 24 மதியத்துக்கு மேல் கடைகள் மூடல். 25, 26 விடுமுறை. பால், அரிசி, காய்கறி எல்லாவற்றையும் முன்னதாக வாங்கி வைத்துவிடுங்கள்.

* சூடான மசாலா ஒயின் வேண்டாதவர்கள் ‘கிண்டர்புன்ஷ்’ என்று கேளுங்கள். மதுவில்லாத பழரசம் சூடாகக் கிடைக்கும். கோப்பைக்குச் சில யூரோ டெபாசிட் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், பிடித்திருந்தால் கோப்பையை நினைவாக வைத்துக்கொள்ளலாம்.

* சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு அடை (ஆப்பிள் கூழ் தொட்டுக்கொள்ள), சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம், சுட்ட செஸ்ட்நட் எல்லாம் உண்டு. அடையில் முட்டை சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

* யாராவது 24-ம் தேதி இரவு வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். அது அங்கே குடும்பத்துக்கான இரவு. அழைப்பது பெரிய மரியாதை. தாது மலைப் பகுதியில் அன்றைக்கு ஒன்பது வகைச் சாப்பாடு. அதில் பருப்பு கட்டாயம், சில்லறைக்குப் பஞ்சம் வராதாம்! சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

எங்கேயும் போக லீவு கிடைக்காத தம்பதிகளுக்குச் செலவே இல்லாத ஒரு வழக்கமும் இருக்கிறது. டிசம்பர் 4 புனித பார்பராவின் நாள். சுரங்கத் தொழிலாளிகளின் காவல் தெய்வம் அவர். அன்றைக்கு ஒரு செர்ரிக் கிளையை வெட்டி, தண்ணீர் ஊற்றிய ஜாடியில் வைத்து, வெதுவெதுப்பான அறையில் விடுவார்கள். வெறும் குச்சி போல இருக்கும் அது, சரியாகப் பராமரித்தால் கிறிஸ்துமஸ் சமயத்தில் பூத்துவிடும். 2025-ல் கார்த்திகை தீபம் டிசம்பர் 3, பார்பரா நாள் மறுநாள். நைட் ஷிஃப்ட் பார்த்தே பிள்ளையைப் படிக்க வைத்து அனுப்பிய அப்பாவையோ மாமனாரையோ நினைத்து ஒரு கிளை வைக்கலாம். பூத்ததும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.